பெடல் கயாக்: கடலுக்குப் போவது மட்டுமா, திரும்பி வரவும் வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வார இணைப்பிதழில் மீன்பிடிப் பெடல் கயாக்குகளை, அதாவது காலால் மிதித்து ஓட்டும் சிறு படகுகளை, ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிது, அதற்கு நன்றி. ஆனால் தலைப்பில் ‘கடலுக்கு எது சிறந்தது’ என்று போட்டுவிட்டு, உள்ளே வேகம் எவ்வளவு, இருக்கை எவ்வளவு சொகுசு, தூண்டில் கம்பு செருக எத்தனை குழாய், மீன் காட்டும் கருவிக்கு இடம் இருக்கிறதா என்று மதிப்பெண் போட்டு முடித்துவிட்டீர்கள். இதெல்லாம் காற்றில்லாத நாளில், அசையாத தண்ணீரில், கொஞ்ச நேரம் மிதித்துப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற சங்கதிகள். கவிழ்ந்தால் மறுபடி ஏற முடியுமா, மிதிப்பதை உந்துவிசையாக்கும் டிரைவ் நின்றுபோனால் துடுப்பை வைத்தே கரைக்கு வந்துவிட முடியுமா, அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது அடியில் தொங்குகிற சாமான் என்ன ஆகும் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கடலுக்கு வாங்குகிற ஆள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் டிரைவ். கட்டுரை ‘பெடல்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது, ஆனால் இதில் அடிப்படையிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று செட்டை வகை. 1997-இல் ஹோபி நிறுவனம் மிராஜ் டிரைவ் என்ற பெயரில் கொண்டுவந்தது இதுதான், கிரெக் கெட்டர்மேன் என்பவர் வடிவமைத்தது. கயாக்கின் அடியில் வளைந்து கொடுக்கும் இரண்டு செட்டைகள் இருக்கும், காலால் மாறி மாறித் தள்ளும்போது அவை பக்கவாட்டில் எதிரெதிராக வீசி, பென்குவின் இறக்கை தண்ணீரைத் தள்ளுவதுபோல் தள்ளும். கால் வட்டமாகச் சுற்றாது, முன்னும் பின்னும்தான் போகும், முழங்கால் அதிகம் உயராது. இன்னொன்று விசிறி வகை. நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட் நிறுவனத்தின் ப்ரொப்பெல், ஓல்ட் டவுன் நிறுவனத்தின் பி.டி.எல்., ஜாக்சன் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ் டிரைவ் எல்லாம் இந்த வகை. சைக்கிள் மிதிப்பதுபோல் வட்டமாக மிதிக்க வேண்டும், பல்சக்கரம் அந்தச் சுற்றைப் பெருக்கிக் கீழே இருக்கும் ப்ரொப்பல்லருக்குக் கொடுக்கும். ஓல்ட் டவுன் பி.டி.எல்.-இல் பெடல் ஒரு சுற்று சுற்றினால் ப்ரொப்பல்லர் 10.3 சுற்று சுற்றும், அதனால் மெதுவாக மிதித்தாலும் நகரும்.

எது வேகம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அது பெரும்பாலும் கயாக்கின் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது, பின்னால் சொல்கிறேன். கடலில் இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பின்னோக்கிப் போவதிலும், தண்ணீர் குறையும்போது நடந்துகொள்வதிலும் இருக்கிறது.

விசிறி வகையில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் அந்த நொடியே கயாக் பின்னால் வரும். எந்தக் கயிற்றையும் இழுக்க வேண்டாம், கையில் கம்பு இருந்தால் கம்போடேயே செய்யலாம். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு மேலே நின்று மீன் பிடிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீரோட்டத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, ஓட்டம் கூடினால் முன்னால் ஒரு மிதி, குறைந்தால் பின்னால் ஒரு மிதி என்று ஒரே இடத்தில் நிற்கலாம், நங்கூரமே தேவைப்படாது. தூண்டிலில் மாட்டிய மீன் பாறை இடுக்கைப் பார்த்து ஓடும்போது அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு விலகி வரலாம். மிராஜ் டிரைவின் பழைய வடிவத்தில் பின்னால் போகவே வழி இல்லை, துடுப்பைத்தான் எடுக்க வேண்டும். பிறகு வந்த 180 வடிவத்தில் ஒரு கயிற்றை இழுத்தால் செட்டைகள் திரும்பிக்கொள்ளும், அப்புறம் அதே மிதிப்பில் பின்னால் போகலாம். 2019-இல் வந்த 360 வடிவத்தில் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் பக்கவாட்டில்கூட நகரலாம். அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் அசையும் பாகம் ஒன்று கூடினால் கழுவ வேண்டியதும் ஒன்று கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் குறையும் இடத்தில் கதை அப்படியே தலைகீழ். விசிறி வகையில் ப்ரொப்பல்லரைத் தாங்கும் தண்டு, கயாக்கின் அடியிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை அடி வரை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கரைக்கு வரும்போது அதை முழுதாகத் தூக்கி உள்ளே சாய்த்து வைத்தாக வேண்டும், அப்படித் தூக்கியதும் அது உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே கனமாக உட்கார்ந்துகொள்ளும். செட்டை வகையில் ஒரு பெடலை முழுதாக முன்னால் தள்ளினால் போதும், இரண்டு செட்டையும் கயாக்கின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துவிடும். கடல் தரை முழங்கால் ஆழத்தில் இருக்கும்போதுகூட சின்னச் சின்ன மிதிப்பாக மிதித்து நகரலாம். பிந்தைய மாடல்களில் எதிலாவது மோதினால் செட்டையே மடங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்காக அதை வைத்துக்கொண்டு மணலில் உரசியே ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், செட்டையைத் தாங்கும் கம்பி வளைந்துவிட்டால் அந்தப் பக்கம் இழுவை போய்விடும்.

பாசி, அறுந்த வலைத்துண்டு, மிதக்கும் நைலான் இழை என்று கடலில் சுற்றிக்கொள்ள ஆயிரம் இருக்கிறது. ப்ரொப்பல்லர் இதையெல்லாம் தேடிப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். செட்டையில் பாசி பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும், ஆனால் நைலான் இழை சுக்கானில் சிக்கினால் செட்டைக்காரரும் அதே பாட்டுத்தான். விசிறிக்காரர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும்: டிரைவை இருக்கையில் இருந்தபடியே தூக்கிச் சிக்கலை அறுத்துவிட முடியும், தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. அறுப்பதற்குக் கத்தி கைக்கு எட்டும் தூரத்தில், லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். பின்பக்கப் பெட்டிக்குள் வைத்த கத்தி இருந்தும் இல்லாததும் ஒன்று.

இனி அலை. பெடல் கயாக் விளம்பரப் படங்களில் நான் கவனித்த ஒரு விஷயம், எல்லாரும் ஏற்கெனவே கடலுக்குள் இருப்பார்கள். கரையிலிருந்து எப்படி உள்ளே போனார்கள், எப்படி வெளியே வந்தார்கள் என்று ஒருவரும் காட்டுவதில்லை. ஏனென்றால் அங்கேதான் இந்த வகைக் கயாக் பலவீனமானது. துடுப்புப் போடுவதற்கென்றே செய்த ஒடுக்கமான நீளக் கயாக் அலையைக் குத்திக்கொண்டு போகும். 36 அங்குல அகலத்தில், தட்டையான அடியோடு, உயரமான இருக்கையோடு இருக்கிற ஒன்று அலையின் முழு அடியையும் முகத்தில் வாங்கும். உள்ளே போகும்போதாவது நேரம் பார்த்து, பெரிய அலைக்கூட்டம் கடந்ததும் விறுவிறுவென்று போய்விடலாம். திரும்பி வருவதுதான் ஆபத்து. பின்னாலிருந்து அலை தூக்கியதும் முன்முனை இறங்கித் தண்ணீரில் குத்தும், பின்முனை ஒரு பக்கமாக வழுக்கும், கயாக் அலைக்குக் குறுக்கே திரும்பும், அப்புறம் கவிழும். சுக்கான் இறங்கியிருந்தால் அதுவே மணலில் ஊன்றிக்கொண்டு கவிழ்ப்பதற்கு ஒத்தாசை செய்யும்.

ஆகவே அலையைத் தொடுவதற்கு முன்பே, வெளியிலேயே நின்று ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். விசிறி டிரைவைத் தூக்கி வைக்க வேண்டும், செட்டையாக இருந்தால் படுக்க வைக்க வேண்டும் அல்லது கழற்றிவிட வேண்டும். சுக்கானை உயர்த்த வேண்டும். தூண்டில் கம்புகளைப் படுக்க வைத்துக் கட்ட வேண்டும். தனியாகக் கிடக்கும் எந்தக் கொக்கியும் வெளியே இருக்கக் கூடாது. பிறகு துடுப்பைப் பிடித்து, ஒரு அலையின் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும், அலையின் முன்னால் ஓடி வரக் கூடாது. கரையை ஒட்டி இறங்கும்போது கடல் பக்கமாக இறங்கக் கூடாது, அடுத்த அலை அந்தக் கனத்தை அப்படியே உங்கள் முழங்கால் மேல் கொண்டுவந்து போடும். இதை எல்லாம் செய்வதற்கு எந்த டிரைவ் எத்தனை நொடி எடுக்கிறது, அந்த உயரமான இருக்கையில் உட்கார்ந்தபடி துடுப்பு தண்ணீரை ஒழுங்காகத் தொடுகிறதா என்று சோதித்து எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை நான் வெட்டி வைத்திருப்பேன்.

நீள அகலத்துக்கு வருகிறேன். தண்ணீரைப் பிளந்து போகும் எந்தப் படகுக்கும் ஒரு வேக எல்லை உண்டு, நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 12 அடிக்கு ஏறக்குறைய 4.6 நாட், அதாவது மணிக்கு 8.6 கிலோமீட்டர். 16 அடிக்கு 5.4 நாட், 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்த எல்லையை நெருங்க நெருங்க கால் வலிதான் ஏறுமே தவிர வேகம் ஏறாது. நாள் முழுக்க ஓட்டுகிற ஆள் 3 நாட்டுக்கும் 4 நாட்டுக்கும் இடையில்தான் போவார், அந்த வேகத்தில் ஒடுக்கமான கயாக்குக்கும் அகலமான கயாக்குக்கும் உள்ள வித்தியாசத்தை வேகமானி காட்டுவதைவிட மூச்சு நன்றாகக் காட்டும். எதிர்காற்று வந்தால் இன்னும் தெளிவாகக் காட்டும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே எவ்வளவு தூரம் விரிகிறது பாருங்கள். ஹோபி அட்வென்ச்சர் 16 அடி நீளம், 27 அங்குல அகலம். ரெவல்யூஷன் 13 பதின்மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு, 28.5 அங்குலம். அவுட்பேக் 12 அடி 9 அங்குலம், அகலம் 34. ப்ரோ ஆங்லர் 14 என்பது 13 அடி 8 அங்குலம், அகலம் 38, உடல் மட்டுமே 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். ஓல்ட் டவுன் பக்கம் பி.டி.எல். 120 பன்னிரண்டு அடி, பிக்வாட்டர் 132 பதின்மூன்று அடி 2 அங்குலம், இரண்டும் 36 அங்குல அகலம். இவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் வரிசையாக நிறுத்தி ‘நிலைத்தன்மை’ என்ற கட்டத்தில் அகலமானதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறது உங்கள் கட்டுரை. இதில்தான் எனக்குப் பெரிய வருத்தம்.

அகலமான கயாக்கில் எழுந்து நிற்கலாம், குனிந்து மீனை எடுக்கலாம், பக்கம் சாய்ந்து பேசலாம், சரி. ஆனால் அந்த ஸ்திரம் தண்ணீர் சமமாக இருக்கும்வரைதான். அகலமான தட்டை அடி எப்போதும் தண்ணீரின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கப் பார்க்கும், பக்கவாட்டிலிருந்து செங்குத்தான அலை வந்தால் அலையின் சரிவோடு அதுவும் சரியும், மேலே உயரமான இருக்கையில் இருக்கும் ஆளையும் சேர்த்துச் சாய்க்கும். ஒடுக்கமானது சும்மா இருக்கும்போதே ஆடிக்கொண்டிருக்கும், முதல் நாள் பயமாகவும் இருக்கும், ஆனால் பக்கத்து அலை அடியில் உருண்டு போகும்போது உடல் இடுப்பிலிருந்து தன்னால் சரிசெய்துகொள்ளும். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றாகும்போது அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும், அந்த நேரத்தில் எந்த வகையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். உயரமான இருக்கையைத் தாழ்த்தி வைக்க முடிகிற மாடலாக இருந்தால் கடலில் தாழ்த்தியே வையுங்கள், பார்வை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

நங்கூரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரோட்டத்தில் கயாக்கின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால் ஓட்டம் பக்கவாட்டில் அழுத்தி, விளிம்பைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோதான் கயிறு இழுபட வேண்டும், அதுவும் ஒரே இழுப்பில் விட்டுவிடக்கூடிய முடிச்சோடு.

கவிழ்வதைப் பற்றி. இந்தத் துறையில் எழுதுகிற பலர் இதை அபசகுனமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது. 27 அங்குலக் கயாக் குப்புறக் கிடந்தால் ஒரு ஆள் பக்கவாட்டிலிருந்தே புரட்டிவிடலாம். 38 அங்குல அகலமும், உள்ளே சாமான் கனமும், தண்ணீருக்குள் தொங்கும் இருக்கையும் சேர்ந்தால் அது ஒரு கதவு அல்ல, சுவர். எதிர்ப்பக்கக் கைப்பிடியில் ஒரு பட்டையைக் கட்டி, அடியின் மேல் குறுக்கே போட்டு, காலை விளிம்பில் ஊன்றி, முழு உடல் எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தால்தான் புரளும். அந்தப் பட்டை கவிழ்வதற்கு முன்பே கயாக்கில் கட்டியிருக்க வேண்டும். புரட்டியபின் ஏறுவது இன்னொரு வித்தை: காலை உதைத்து உடலைத் தண்ணீரின் மேல் கிடைமட்டமாக்கி, வயிறு கயாக்கின் குறுக்கே வருமாறு வழுக்கி ஏற வேண்டும், அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். தொங்கி ஏறப் பார்த்தால் கயாக் மறுபடி உங்கள் மேலேயே வரும். இடையில் விசிறி டிரைவின் மேல்பகுதி, கம்பு செருகும் குழாய், மீன் காட்டும் கருவியின் தண்டு எல்லாம் நெஞ்சில் குத்தும். இருக்கையின் சட்டம் வழியை மறிக்கும். கடையில் அழகாகத் தெரிகிற ஒவ்வொரு துணைச் சாமானும் அந்த நிமிடத்தில் எதிரி.

டிரைவ் பூட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பார்கள். இருக்கட்டும், ஆனாலும் அதைக் கயாக்கோடு ஒரு கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். தலைகீழான கயாக்கிலிருந்து நழுவிய டிரைவ் நேராக அடித்தளத்துக்குப் போகும், மிதக்காது. துடுப்புக்கும் அப்படியே ஒரு கயிறு. காற்று இருக்கும் நாளில் கயாக்கே உங்களை விட்டுவிட்டு நீந்துவதைவிட வேகமாக நகர்ந்து போகும் என்பதால் கயாக்கின் பிடியை விடவே கூடாது.

நான் பார்த்த வரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து, கயாக்கின் உடலுக்குள் தண்ணீர் சேர்வது. மேலே உட்காரும் கயாக் என்பதால் தளத்தில் விழும் தண்ணீர் துளைகள் வழியாக வடிந்துவிடும், அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் சரியாக மூடாத மூடி, தேய்ந்த ரப்பர், தளர்ந்த திருகாணி, டிரைவ் பொருந்தும் குழியின் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் வழியாக உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். உள்ளே நிற்கும் தண்ணீர் ஒரே இடத்தில் இருக்காது, சாய்ந்த பக்கமாகவே ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். கயாக் வழக்கத்தைவிட மந்தமாகத் திரும்புகிறது, ஆடி முடிய நேரம் எடுக்கிறது என்று தோன்றினால் அப்போதே கரையைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். பெடல் கயாக்கின் அடியில் டிரைவுக்காகப் பெரிய ஓட்டை இருக்கிறது, ஒவ்வொரு மிதியின் விசையும் அந்த ஓட்டையின் விளிம்பில்தான் இறங்குகிறது, ஆகவே பழைய கயாக் வாங்குகிறவர்கள் வெளியே கீறல் எத்தனை என்று எண்ணுவதைவிட டார்ச் அடித்து அந்த இடத்தை உள்ளிருந்து பார்ப்பது நல்லது.

உப்பு தின்னும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவு, காயவை, நிறுவனம் சொன்ன இடத்தில் சொன்ன கிரீஸ் போடு, அவ்வளவுதான். அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும், கழற்றாமல் விட்டால் திருகாணி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். செட்டை டிரைவில் சங்கிலியும் கேபிளும் தளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும், விசிறி டிரைவில் பல்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையத்தைப் பார்க்க வேண்டும். செட்டை டிரைவில் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது, விசிறியில் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. கடலில் வைத்துப் பழுதுபார்க்க எது எளிது என்றால் என் ஓட்டு செட்டைக்கு, வருடம் முழுக்கக் குறைந்த தொந்தரவு எது என்றால் விசிறிக்கு. எதுவானாலும் சுக்கான் கயிறு அறுந்தால் போட மாற்றுக் கயிறு கூடவே போக வேண்டும். சில விசிறி டிரைவ்களில் விசை மீறினால் தானே உடைந்து மற்றதைக் காப்பாற்றும் சின்ன ஊசி இருக்கிறது, அதிலும் இரண்டு உதிரி கூடவே போக வேண்டும்.

இப்போது பெயர் தெரியாத பல நிறுவனங்களும் செட்டை டிரைவ் போட்டு விற்கின்றன. எல்லாமே மோசம் என்று ஒதுக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: ஒரு செட்டையும் ஒரு பெடல் கையும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அந்த டிரைவ் உடைகிற நாளில் மொத்தக் கயாக்கும் பூந்தொட்டி.

‘அப்படியானால் எதைத்தான் வாங்குவது?’ என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். அலை உடைகிற திறந்த கரையிலிருந்து போகிறவர் என்றால் நான் செட்டை வகையில், 30 அங்குலத்துக்குக் குறைவான அகலத்தில், 13 அடிக்குக் குறையாத நீளத்தில் தேடச் சொல்வேன். எழுந்து நிற்க முடியாது, சாமான் குறைவாகத்தான் ஏறும், பரவாயில்லை. துறைமுகத்துக்குள்ளிருந்தோ கழிமுகத்திலிருந்தோ அமைதியான தண்ணீரில் இறங்கி, வெளியே பாருக்குப் போய் நீரோட்டத்தில் நின்று பிடிக்கிறவருக்கு விசிறி வகைதான், பிக்வாட்டர் 132 மாதிரி கொஞ்சம் நீளமானது. கனமான உடம்புக்காரர், முதுகுவலிக்காரர், நின்றுதான் வீசுவேன் என்கிறவர் ப்ரோ ஆங்லர் மாதிரி அகலமானதை எடுக்கலாம், ஆனால் அவர் நாளைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும், கூட ஒரு ஆள் இல்லாமல் போகக் கூடாது. அவுட்பேக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் அதிகம் பேர் அதில் போய் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரை முதலிடம் கொடுத்த 38 அங்குலக் கயாக்கை அலைக்கரையிலிருந்து போகும் ஒரு புதியவருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பெடலுக்கு ஒரு மறைமுகக் கெடுதலும் உண்டு. கையால் துடுப்புப் போடுகிறவர் களைத்துப்போய் ஒரு தூரத்தில் தானாகவே நின்றுவிடுவார். கால் அப்படிச் சீக்கிரம் களைக்காது, அதிலும் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் மிதிப்பதே தெரியாமல் வெகுதூரம் போய்விடலாம். அந்தக் காற்றில் கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும், நிலம் காற்றை மறைப்பதால் அலை எழாது. வெளியே போகப் போகத்தான் அலை பெருக்கும், திரும்பினால் அத்தனையும் முகத்துக்கு எதிரே. வெண்நுரை ஆங்காங்கே தெரிய ஆரம்பிப்பது 7 முதல் 10 நாட் காற்றில், எங்கும் தெரிந்தால் 11-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலான பெடல் கயாக்குகளுக்கு அது கரைக்குத் திரும்பும் நேரம். லைஃப் ஜாக்கெட்டை உடுத்தியிருக்க வேண்டும், கயாக்கில் வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. கையடக்க வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல் அவசர அழைப்புக்கானது, அதை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசரக் கருவியும் இருந்தால் நல்லது. குளிர்ந்த கடலில் போகிறவர்கள் காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும். மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் வரைதான், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்றால், 38 அங்குலச் சுவரைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும்.

அடுத்த முறை ஒப்பீடு செய்தால் சோதனை செய்கிறவர்களிடம் கொஞ்சம் கூடுதல் வேலை வாங்குங்கள். சாமான் ஏற்றிய நிலையில் ஆழத்தில் ஒவ்வொரு கயாக்கையும் வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உதவிப் படகு நிற்கட்டும், ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர் துடுப்புப் போடச் சொல்லுங்கள். இருட்டில் ஒற்றைக் கையால் டிரைவைத் தூக்க முடிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம், இதையாவது அடுத்த இதழில் போட்டுவிடுங்கள். அட்டவணையில் ‘ஆள் எடை’ என்ற தலைப்பின் கீழ் 425, 500, 600 பவுண்டு என்று அச்சாகியிருக்கிறது. அது ஆளின் எடை அல்ல. ஆள், உடை, தண்ணீர், பனிப்பெட்டி, பேட்டரி, பிடித்த மீன் எல்லாம் சேர்த்து அந்தக் கயாக் தாங்கும் உச்ச வரம்பு, மாடலைப் பொறுத்து இருக்கையும் டிரைவும்கூட அந்தக் கணக்குக்குள்ளேயே வரும். கடலில் அந்த வரம்பில் எழுபது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பழக்கம், அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் வழியாகவே தண்ணீர் மேலே ஏறும். 425 பவுண்டு என்று போட்டிருக்கும் கயாக்கில், கடலுக்கு எல்லாம் சேர்த்து 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்